கூண்டில் நிற்கும் தகுதி

பாறசாலைக்கு அடுத்து எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து அம்மையார் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவ்விரண்டையும் விடுத்து, விஷயத்தை மட்டும் கூறுகிறேன். அவருடைய தம்பி திருநெல்வேலிச் சீமையிலிருந்து செங்கற்சூளை வேலைக்காக இப்பக்கம் வந்தவர். சில ஆண்டுகளாக மனம் தெளிவாக இல்லை. ஒரு நாள் அண்டை வீட்டுக்காரரை மண்வெட்டிப் பிடியால் தாக்கிவிட்டார். அடிபட்டவரும் பிழைப்புத் தேடி வந்த நம்மவரே. போலீசார் தம்பியைக் கைது செய்து காவலில் வைத்தனர். நீதிமன்றத்தில் நிறுத்தியபோது நீதிபதி பெயரை வினவ, அவர் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாராம். உடனே, இவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், விசாரணையை எதிர்கொள்ளத்தக்க மனநிலை இவருக்கு உண்டா என அறிக்கை வரவேண்டும் என்று உத்தரவாயிற்று.

“ஊரில் பாதிப்பேர், பைத்தியம் என்று எழுதி வாங்கிவிட்டால் கேசு தள்ளுபடி, நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடுவான் என்கிறார்கள். மீதிப்பேர், ஊளம்பாறைக்குப் போனவன் திரும்பி வரமாட்டான், தலை முழுகிவிடு என்கிறார்கள். நான் எதை நம்புவது?” என்று கேட்டிருக்கிறார் அவ்வம்மையார்.

நான் சட்டம் கற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் பேரேடு எழுதிக் காலம் கழிப்பவன். ஆயினும் இக்கடிதத்தைப் படித்த பின்னர் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. சட்டத்தின் ஏடுகளைப் புரட்டியும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். எல்லைப் புறத்தில் வாழும் நம் குடும்பங்களில் இத்தகைய துன்பம் மறைவாகப் பல வீடுகளில் இருக்கிறது என்பதை யாவரும் அறிவோம். அறிந்தும் வாய் திறப்பதில்லை.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். குற்றம் நிகழ்ந்த நாள் ஒன்று. விசாரணை நடக்கும் நாள் வேறொன்று. சட்டம் இவ்விரு நாட்களைப் பற்றியும் தனித்தனியே வினவுகிறது. அடித்த அந்த வேளையில், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ அறிய இயலாதபடி புத்தி சுவாதீனமற்று இருந்தாரா என்பது ஒரு கேள்வி. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவாக நெடுங்காலம் இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதையில் 22ஆம் பிரிவாக இருக்கிறது. அவ்வம்மையாரின் தம்பியைப் பற்றி நீதிபதி இப்போது கேட்டிருப்பது அதுவன்று. இன்று, இந்த மன்றத்தில், தம்மீது சுமத்தப்பட்டது இன்னதென்று அறிந்து தம் தரப்பை எடுத்துரைக்க இவரால் இயலுமா என்பதே கேட்கப்பட்டிருக்கிறது. அடித்த நாளில் தெளிவாக இருந்தவர் சிறையில் மனம் கலங்கிப் போகலாம்; அடித்த நாளில் கலங்கியிருந்தவர் மருந்தினால் இன்று தெளிந்திருக்கலாம். ஆகவே ஒரு கேள்விக்குரிய விடை மற்றதற்கு ஆகாது.

இக்கேள்வி எழுவதன் காரணம் எளியது. தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் சொல்ல இயலாதவனைக் கூண்டில் நிறுத்தித் தண்டிப்பது, கட்டிப் போட்டவனோடு மல்லுக்கு நிற்பது போன்றதாகும். 1836ஆம் ஆண்டு இங்கிலாந்தில் செவியும் பேச்சும் அற்ற பிரிட்சார்ட் என்பவரின் வழக்கு வந்தபோது இதற்கு ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது. சுமத்தப்பட்ட குற்றத்தை மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ அவரால் முடியுமா? மன்றத்தில் நடப்பதைத் தொடர்ந்து உணர்ந்து தக்க எதிர்வாதம் செய்யும் அளவுக்கு அறிவு உண்டா? சாட்சி சொல்வதன் விவரம் அவருக்குப் புரிகிறதா? ஏறக்குறைய இவையே இன்றும் உலகில் பல நாட்டு நீதிமன்றங்களில் கேட்கப்படுபவை. சட்ட நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. “அந்தச் சாட்சி பொய் சொல்கிறார், அன்றைக்கு அவர் அங்கே இல்லவே இல்லை” என்று தம் வழக்கறிஞரின் காதில் சொல்லத் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாத நிலை ஒருவருக்கு வரும் என்பதை நேரில் கண்டோர் நன்கு அறிவர்.

நம் நாட்டில் இதற்குரிய வழிமுறை 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 328, 329ஆம் பிரிவுகளாக வந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதையில் 367, 368ஆம் பிரிவுகளாகத் திகழ்கிறது. பெயர்கள் நம் நாவில் புரள்வதற்குச் சற்று நாள் பிடிக்கும். உள்ளே இருக்கும் ஏற்பாடு பெரும்பாலும் பழையதுதான். நீதிபதிக்கு ஐயம் எழுமானால் அவர் தாமாகவே முடிவு கட்டிவிடலாகாது. அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். அம்மருத்துவரைச் சாட்சியாக விசாரித்து, அவர் கூறுவதை எழுத்தில் பதிய வேண்டும். 2009ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஒரு திருத்தம், மனநோய் மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ அனுப்பவேண்டும் என்பதையும் சேர்த்தது. அவர்கள் கூறுவதில் குறையுண்டு என்று குற்றம் சாட்டப்பட்டவர் கருதினால், அரசு மருத்துவமனை மனநோய்ப் பிரிவின் தலைவரும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் அடங்கிய குழுவிடம் முறையிடலாம். முடிவாகத் தீர்மானிப்பவர் நீதிபதியே, மருத்துவர் அன்று. மருத்துவரின் கையெழுத்து விழுந்துவிட்டால் யாவும் முடிந்தது என்று நம்மவர் எண்ணுவதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, “கேசு தள்ளுபடி” என்று பேசும் பாதிப்பேருக்கு ஒரு வழக்கைக் காட்டுகிறேன். இது நெடுந்தொலைவில் நடந்ததன்று. பாறசாலையில் வண்டியேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையத்தக்க திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது. 2017 ஏப்ரலில் நந்தன்கோட்டில் ஒரு வீட்டினுள் தாய், தந்தை, சகோதரி, உறவுப் பெண்மணி ஆகிய நால்வரும் கொலையுண்டு கிடந்தனர். அவ்வீட்டு மகன் சென்னைக்குச் சென்று மீண்டபோது தம்பானூர் ரயில் நிலையத்தில் பிடிபட்டார். உடலை விட்டு ஆவி பிரிந்து சஞ்சரிக்கும் பயிற்சி என்று ஏதோ சொன்னதாக நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதின. அவர் பெயரை எழுதி இங்கே இடத்தை நிரப்ப நான் விரும்பவில்லை. வேண்டுவது வழக்கின் போக்குத்தான். அவருடைய மனநிலையைப் பற்றிய கேள்வி எழுந்தது. ஊளம்பாறை மனநல மையத்தில் சிகிச்சை நடந்தது. விசாரணை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போயிற்று. பின்னர், விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறார் என்று மருத்துவ அறிக்கை வந்தது, சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 2025 மே மாதம், குற்றம் செய்தபோது மனம் பிறழ்ந்திருந்தார் என்ற வாதத்தை ஏற்காமல், திருவனந்தபுரம் அமர்வு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

எட்டு ஆண்டுகள். நோயின் பேரால் வழக்கு நின்றது உண்மை, ஆனால் மறையவில்லை. நின்ற வண்டி பாதை சீரானதும் புறப்படுவதுபோல மீண்டும் புறப்பட்டது. “தகுதியில்லை” என்ற தீர்மானம் விடுதலையன்று; ஒத்திவைப்பு மட்டுமே. நோயைக் காட்டி ஒத்திவைப்பு வாங்கினால் சாட்சிகள் சோர்ந்துபோவார்கள் என்று கணக்குப் போடும் சிலரும் இருக்கத்தான் செய்கிறார்கள். அத்தகையோரால் உண்மையான நோயாளியின் சொல்லுக்கும் மதிப்புக் குறைகிறது. அடிபட்டவரை நினைத்துப் பாருங்கள். நம் அம்மையாரின் அண்டை வீட்டுக்காரருக்கு எலும்பு முறிந்து வேலை போயிருக்கலாம். அவருக்கும் ஒரு குடும்பம் உண்டு. வழக்கு எப்போது முடியும் என்று அவரும் காத்திருக்கிறார்.

மறு பாதிப்பேர் கூறுவதற்கு வருவோம். “போனவன் திரும்பமாட்டான்” என்பதைப் பொய்யென்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அஸ்ஸாம் மாநிலத்தில் மசாங் லாலுங் என்றொருவர் இருந்தார். மலைச்சாதியைச் சேர்ந்த ஏழை. 1951ஆம் ஆண்டு, தம் 23ஆம் வயதில், கொடுங்காயம் விளைவித்ததாகப் பிடிக்கப்பட்டார். மனநிலை சரியில்லை என்று தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் அவர் தேறிவிட்டார் என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தது. அதன் பின்னர் நடந்ததைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அவரை விசாரணைக்குக் கொண்டுவரவில்லை, வீட்டுக்கும் அனுப்பவில்லை. கௌஹாத்திச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே அவரை மறந்தார்கள். 2005 ஜூலையில், 77ஆம் வயதில், ஒரு ரூபாய்ப் பிணையில் அவர் வெளியே வந்தார். உள்ளே கழிந்தவை 54 ஆண்டுகள். தேறிவிட்டார் என்ற தாள் எழுதப்பட்ட பின்னர் மட்டும் 38 ஆண்டுகள். ஒரு நாளும் அவர்மீது வழக்கு விசாரிக்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் அவருக்கு மூன்று இலட்சம் ரூபாயும் மாதந்தோறும் ஆயிரம் ரூபாயும் வழங்கப் பணித்தது. 2007இன் இறுதியில் அவர் காலமானார்.

பேரேடு எழுதும் தொழிலில் இருப்பவனாகையால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தத் தாள் எங்கோ ஓர் அலமாரியில் இருந்திருக்கும். அதைப் பெற்றுக்கொண்டவர் வேறொரு மேசைக்கு அனுப்பியிருப்பார். அல்லது அனுப்ப வேண்டும் என்று எண்ணி வைத்திருப்பார். அதைத் தேடிவந்து “என் மகனுடைய தாள் எங்கே?” என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால், 38 ஆண்டுகள் அது உறங்கியிருக்க முடியாது. கொடுமைக்காரர் எவரும் வேண்டியதில்லை; கேட்பாரற்றுப் போனாலே போதும், இத்தகையது நிகழ்ந்துவிடும்.

இது ஓர் அஸ்ஸாமியர் கதை மட்டுமன்று. 1982இல் பீகாரின் ஹசாரிபாக் மத்திய சிறையைப் பற்றி ஒரு சட்ட உதவிக் குழு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. வீணா சேத்தி வழக்கு என்று அது வழங்குகிறது. மனநோயாளர் என்று அடைக்கப்பட்டவர்களில் சிலர் தெளிவு பெற்றும் பல பத்தாண்டுகளாக உள்ளேயே இருந்தது அதில் வெளிப்பட்டது. அவர்களை விடுவித்த நீதிபதிகள், ஊர் போய்ச் சேர வழிச்செலவும் கொடுக்கப் பணித்தார்கள். விடுதலைத் தீர்ப்பில் வண்டிச் சத்தத்தையும் நினைவு வைத்துக்கொண்ட அந்நீதிபதிகளுக்கு என் வணக்கம். பின்னர் 2007இல், ஒருவர் 38 ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையிலிருந்ததைப் பற்றி நாளேட்டில் வந்த செய்தியை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் சில கட்டளைகளைப் பிறப்பித்தது. மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்ட விசாரணைக் கைதியைப் பற்றிய அறிக்கை குறித்த காலந்தோறும் நீதிமன்றத்துக்கு வரவேண்டும். நீதிபதி அதைப் பார்வையிட்டுத் தக்க உத்தரவிட வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. ஆகவே இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆனால் அச்சட்டத்தை நினைவூட்டும் ஒரு குரல் வேண்டும். அக்குரல் உறவினருடையதாகவே இருக்க முடியும்.

இங்கே நம் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். இது எந்தச் சட்ட நூலிலும் விரிவாகக் காணப்படவில்லை; ஆனால் இப்பகுதி வாசகர்க்கு இதுவே முதன்மையானது என்பது என் கருத்து. மருத்துவர் ஒருவரின் மனத்தை எதைக் கொண்டு அளக்கிறார்? நாடி பிடித்தா? இரத்தத்தைச் சோதித்தா? பேச்சைக் கொண்டுதான். அப்பேச்சு எந்த மொழியில் நடக்கிறது?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் பிறந்து வளர்ந்த தமிழர்க்கு மலையாளம் தாய்மொழிக்கு அடுத்த மொழி; விளவங்கோட்டுத் தமிழரும் ஒருவாறு சமாளிப்பர். திருநெல்வேலியிலிருந்தும் தென்காசியிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவர்களின் நிலை வேறு. இரு மொழிக்கும் பொதுவாகத் தோன்றும் சொற்களே மிகுந்த இடர் விளைவிப்பவை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். நமக்கோ ஆறு கரைபுரண்டு வருவது. சம்சாரிக்கலாமா என்று அவர்கள் கேட்பது பேசலாமா என்று. நம்மவர் செவியில் அது மனைவியைப் பற்றியதாக விழும். எல்லாவற்றினும் பெரிது வழக்கு என்னும் சொல். மலையாளத்தில் வழக்கு என்பது சண்டை சச்சரவு. நீதிமன்றத்தில் நடப்பதை அவர்கள் கேஸ் என்றே சொல்வார்கள். நமக்கு வழக்கு என்பதே நீதிமன்றத்துக்கு உரியது. “வழக்குண்டாக்கினாயா?” என்று மருத்துவர் அமைதியாகக் கேட்கிறார், சண்டையிட்டாயா என்ற பொருளில். “நான் எங்கே உண்டாக்கினேன்? போலீசார்தான் உண்டாக்கினார்கள்” என்று நம்மவர் விடை சொல்கிறார். அச்சொல்லில் நோய் இருக்கிறதா, தமிழ் இருக்கிறதா?

அஞ்சி நிற்கும் ஏழை, புரியாத சொல்லுக்கெல்லாம் தலையாட்டுவான், அல்லது சிரிப்பான். புரியாமல் சிரிப்பதற்கும் நோயினால் சிரிப்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தாய்மொழியில் கேட்டால் சில நிமிடங்களில் கண்டுகொள்ளலாம். வேற்றுமொழியில் கேட்டால் கண்டுகொள்வது அரிது. பிழை இரு பக்கமும் நேரும். நோயற்றவர் நோயாளி எனப்படலாம். உண்மையான நோயாளியோ “மொழி தெரியாதவர், மற்றபடி தெளிவாக இருக்கிறார்” என்று கூண்டில் ஏற்றப்படலாம். பின்னதுதான் எனக்கு மிகுந்த அச்சம் தருகிறது. ஏனெனில் சந்தேகத்தைக் கிளப்பக்கூடிய தாறுமாறான விடைகள் எல்லாம் மொழியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

சட்டம் மொழியை மறந்துவிடவில்லை. சாட்சியம் குற்றம் சாட்டப்பட்டவர் அறியாத மொழியில் இருந்தால், திறந்த மன்றத்தில் அவர் அறிந்த மொழியில் அதைப் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நெடுநாளைய விதி. மனநோய் இல்லாதிருந்தும் மன்ற நடவடிக்கையைப் புரியவைக்க இயலாதவர் ஒருவர் இருந்தால் அதற்கும் தனிப் பிரிவு உண்டு. தண்டிக்கும்படி முடிவு வந்தால் வழக்கு உயர் நீதிமன்றத்தின் பார்வைக்குப் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கும் தமிழ் அறிந்த ஒருவர் உடனிருக்கட்டும் என்று வழக்கறிஞர் வாயிலாக முன்கூட்டியே விண்ணப்பிப்பது தவறாகாது. இது சலுகை கேட்பதன்று. பரிசோதனை சரியாக நடக்கக் கேட்பதாகும். ஆனால் உறவினர் தாமே இடையில் புகுந்து தம்பிக்காக விடை சொல்லிக் கொடுப்பது கூடாது. நல்லெண்ணத்தால் செய்வது நோயை மறைத்துவிடும்.

மறைப்பதைப் பற்றிப் பேச்சு வந்தமையால் இதையும் கூறிவிடுகிறேன். வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கினால் நாம் முதலில் செய்வது கதவைச் சாத்துவது. பெண்ணுக்கு வரன் தவறிப்போகும், அண்டை அயலார் சிரிப்பார்கள் என்ற அச்சம். அடுத்தது, சோட்டாணிக்கரைக்கோ தர்காவுக்கோ கொண்டுபோவது. வேண்டுதலை நான் பழிக்கவில்லை. என் வீட்டிலும் வேண்டுதல் உண்டு. ஆனால் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்களே. மருத்துவரிடம் காட்டாமல் ஆண்டுகளைக் கழித்த குடும்பத்துக்கு, நீதிமன்றத்தில் ஒரு நாள் “இவருக்கு எத்தனை காலமாக நோய்?” என்ற கேள்வி வருமானால் எடுத்துக்காட்ட ஒரு துண்டுத் தாளும் இராது. மருத்துவர் சில நாட்கள் பார்த்து முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மருந்துச் சீட்டு ஒன்று இருந்தால் அவருக்கு அது எத்துணை உதவி!

எல்லை இதிலும் குறுக்கிடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மாநிலம் பிரிந்தது, உறவும் வைத்தியமும் பிரியவில்லை. குடியிருப்பு பாறசாலையில், மருந்து வாங்குவது குழித்துறையில், பெரிய நோய் என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி என்று வாழும் குடும்பங்கள் பல. அங்கே வாங்கிய சீட்டு இங்கே செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பிக் கிழித்து எறிந்தவர்களும் உண்டு. அது அறியாமை. களியக்காவிளையைக் கடந்தவுடன் ஒரு மருத்துவரின் எழுத்து மாறிவிடுவதில்லை. எந்த மாநிலத்து மருத்துவமனைச் சீட்டானாலும் மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் காட்டலாம்; காட்ட வேண்டும்.

ஆகவே, அம்மா, தங்கள் கேள்விக்கு என்னால் இயன்ற விடை இது. தம்பி நாளைக்கே வீடு திரும்பிவிடுவார் என்றும் எண்ணற்க. இனி வரவே மாட்டார் என்றும் தலை முழுகற்க. தகுதியுண்டு என்று தீர்மானமானால் வழக்கு நடக்கும். அப்போதும் அடித்த நாளில் அவர் மனம் எவ்வாறிருந்தது என்பதை வழக்கறிஞர் எடுத்துரைக்கலாம். தகுதியில்லை என்று தீர்மானமானால், வழக்கில் மேலோட்டமான ஆதாரமாவது உண்டா என்று நீதிபதி பதிவேடுகளைக் கொண்டு பார்க்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒத்திவைக்காமல் விடுவிக்க வேண்டும். ஆதாரம் இருந்தால், மருத்துவர் குறிப்பிடும் காலம் வரையில் விசாரணை நிற்கும். அக்காலத்தில் தம்பி எங்கே இருப்பார் என்பதில்தான் தங்களுக்கு வேலை இருக்கிறது. உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை என்று மருத்துவர் கூறி, தவறாமல் சிகிச்சைக்கு அழைத்து வருவேன், தமக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யாமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ பொறுப்பேற்றால், பிணையில் விடச் சட்டம் இடம் தருகிறது. பிணை மறுக்கத்தக்க குற்றமாயினும் இவ்வழி உண்டு. ஆனால் அப்பொறுப்பை ஏற்கும் முன் நன்கு எண்ணிப் பாருங்கள். பகல் முழுவதும் சூளையில் நிற்கும் வீட்டில், தனியே விடப்படும் நோயாளியை யார் பார்ப்பது? அடிபட்டவரின் வீடு அடுத்த வாசலில் இருக்கிறது. இயலாது என்று பட்டால், கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னர் தவறுவதைக் காட்டிலும் மருத்துவமனையிலேயே இருக்கட்டும் என்று சொல்வது மேல். அதில் பாசக்குறைவு ஏதுமில்லை.

மருத்துவமனையில் இருப்பாராயின், மாதம் ஒருமுறையாவது சென்று பாருங்கள். நீதிமன்றத்துக்கு அறிக்கை சென்றதா, எந்தத் தேதியில் சென்றது என்று கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த வாய்தா நாளை வழக்கறிஞரிடம் கேட்டு அதையும் எழுதுங்கள். வழக்கு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அலுவலகங்களில் பெயரைச் சொன்னால் தேடுவார்கள், எண்ணைச் சொன்னால் எடுப்பார்கள். இது என் தொழில் அனுபவம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்போர்க்கும், மனநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டோர்க்கும், மகளிர்க்கும் இலவச சட்ட உதவி உரிமையாகும். வருமானத்தை அதற்குக் கேட்பதில்லை. நெய்யாற்றின்கரையில் வட்டச் சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. தம்பியின் ஆதார் அட்டை நகல், வழக்கு எண், கைதான தேதி, ஊரில் காட்டிய வைத்தியச் சீட்டுகள் எவையேனும் இருந்தால் அவை, இவற்றோடு வேலை நாள் காலையில் செல்லுங்கள். தமிழில் எழுதிய விண்ணப்பத்தைக் கொடுக்கத் தயங்க வேண்டாம். உடன் வர ஆள் வேண்டுமானால் நம் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வார விடுப்பு புதன்கிழமை.